பென்டிரைவுக்குத் தனிக் காவலா, பேராண்டி?

வாப்பா பேராண்டி, உட்காரு. கம்ப்யூட்டர்ல ஏற்கனவே ஆண்டிவைரஸ் ஒண்ணு இருக்கு, அது பத்தாதுன்னு பென்டிரைவுக்குன்னு தனியா இன்னொண்ணு போடலாமான்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கே. சரியான ஆளைத்தான் கேட்டிருக்கே. பெரட்டுக் கணக்கும் பால் கணக்கும் தடிப் புத்தகத்துல இருந்து கம்ப்யூட்டருக்கு ஏறினப்போ எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா இருந்தவன் நான். உங்கப்பன் அப்போ மவுஸுன்னா எலிதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தான்.

முதல்ல உன் பென்டிரைவோட நடமாட்டத்தைச் சொல்றேன், கேளு. காலையில பட்டணத்துல போட்டோஸ்டேட் கடை. மத்தியானம் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப். சாயங்காலம் உறுமி மேளக்காரப் பயலுங்க அதுல பாட்டு ஏத்துறானுங்க. ராத்திரி உன் மாமன் காடியில சொருகி, நம்ம தெமியாங் மேடு முழுக்க அதிருது. மறுநாள் அதையே கொண்டுபோய், கோயில் கமிட்டி கணக்கு வச்சிருக்கிற கம்ப்யூட்டர்ல சொருகிட்டு, திருவிழா நோட்டீஸ் அடிக்கணும்னு நிக்கிறே. உனக்குப் பொண்ணு பாக்கப் போனா, பையன் எங்கெங்க சுத்துறான்னு நாலு பேரை விசாரிப்பாங்க. பென்டிரைவை யாருப்பா விசாரிக்கிறது?

அதுக்குத்தானே தாத்தா தனிக் காவல்னு சொல்லுவே. பொறு.

இந்த பென்டிரைவ் விஷயத்துல நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு, தெரியுமா? சிலாங்கூர்ல செகிஞ்சான் இருக்கு பாரு, நெல்லு வயலும் மீன்பிடிப் படகுமா இருக்கிற ஊரு. அந்த ஊர்ப் பிள்ளை புவா கெயின் செங். தைவானுக்குப் படிக்கப் போனவரு, கூட்டாளிங்களோட சேர்ந்து 2000ல பைசன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு. பென்டிரைவுக்கு வேண்டிய மூளை முழுசையும் ஒரே சில்லுக்குள்ள அடக்கிக் காட்டினது அவங்க கம்பெனி. இங்க பத்திரிகைக்காரங்க அவரை பென்டிரைவோட அப்பான்னே எழுதுறாங்க. சிங்கப்பூர்க்காரன் சும்மா இருப்பானா? அதே 2000ல டிரெக் கம்பெனி தம்ப்டிரைவ்னு பேர் போட்டு வித்துச்சு, நாங்கதான் முதல்னு அவன் சொல்றான். அப்பா யாருன்னு அவங்க தீர்த்துக்கட்டும். உள்ள ஒரு மூளை இருக்குன்னு சொன்னேன் பாரு, அதை மட்டும் மறந்துடாதே. பின்னால வேணும்.

இப்ப விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக்குப் போவோம். நீ அப்போ தொட்டில்ல கிடந்தே. சிடி போட்டா தானா ஓடணும்னு மைக்ரோசாப்ட்காரன் ஒரு சௌகரியம் பண்ணி வச்சிருந்தான். ஆட்டோரன்னு பேரு. சிடிக்குன்னு செஞ்ச அந்தச் சௌகரியம் பென்டிரைவுக்கும் செல்லுபடியாச்சு. வைரஸ் எழுதறவன் விடுவானா? பென்டிரைவுக்குள்ள ஆட்டோரன் கோப்பு ஒண்ணை எழுதி வச்சான். நீ டிரைவ் படத்து மேல ரெண்டு தட்டு தட்டினா, போல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். இந்தோனேசியாவுல இருந்து 2005ல புறப்பட்ட பிரோன்டோக் புழுவும் பென்டிரைவ் வழியா இந்த வட்டாரத்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி இறங்குச்சு.

அதுக்கப்புறம் வந்தது கான்ஃபிக்கர், 2008 நவம்பர்ல. அது படிச்ச களவாணி. பென்டிரைவைச் சொருகினதும் ஒரு பெட்டி வரும்ல, அதுல 'போல்டரைத் திற'ன்னு அசலைப் போலவே ஒரு வரியை, அசல் படத்தோட, தானே எழுதி வச்சிடும். எது அசல் எது போலின்னு பாக்க யாருக்கு நேரம்? 2009 பிப்ரவரியில இங்கிலாந்துல மான்செஸ்டர் நகராட்சிக்குள்ள அது புகுந்து, ஒன்றரை மில்லியன் பவுன் செலவு வச்சுது. அதைவிட ருசியான சங்கதி என்னன்னா, பஸ் பாதையில காடி ஓட்டினவங்களுக்கு அனுப்ப வேண்டிய அபராதச் சீட்டு ஆயிரத்து அறுநூறுக்கு மேல, நேரத்துக்கு அனுப்ப முடியாம வீணாப் போச்சு. வைரஸால நல்லா இருந்தவன் உலகத்துல அந்த ஆயிரத்துச் சொச்சம் பேருதான்.

அந்தக் காலத்துல பென்டிரைவுக்குத் தனிக் காவல் போட்டது தப்பே இல்ல. நானே சொல்லுவேன், போடுன்னு. பாண்டான்னு ஒரு ஸ்பெயின் கம்பெனி 2009ல இலவசமா ஒண்ணு விட்டாங்க, யூஎஸ்பி வேக்சின்னு. பென்டிரைவுக்கு ஊசி! அது என்ன பண்ணும்னா, யாரும் அழிக்கவும் மாத்தவும் முடியாத வெத்து ஆட்டோரன் கோப்பு ஒண்ணைத் தானே உள்ள எழுதி வச்சிடும். வைரஸ் வந்து தன் கோப்பை எழுதப் பாத்தா, அந்தப் பேர்ல ஏற்கனவே ஒருத்தன் குந்தியிருப்பான். அவ்வளவுதான் சூட்சுமம். இந்தோனேசியாக்காரன் ஸ்மாடாவ் இன்னிக்கும் அதே வியாபாரம்தான் பண்றான்: உன் ஆண்டிவைரஸை எடுக்காதே, பக்கத்துல நானும் இருக்கேன், பென்டிரைவை நான் பாத்துக்கிறேன்னு சொல்லியே ஊர் ஊரா நுழைஞ்சவன். நம்ம பக்கத்துலயும் எத்தனையோ கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சை முக்கோணம் கண்ணுல படும்.

அப்புறம் என்ன ஆச்சு? 2009ல விண்டோஸ் 7 வந்தப்பவே பென்டிரைவுக்கு ஆட்டோரன் கிடையாதுன்னு மைக்ரோசாப்ட் நிறுத்திட்டான். 2011 பிப்ரவரியில எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாத்தத்தை அப்டேட்ல அனுப்பினான். சில மாசத்துலயே அந்த வகைத் தொற்று பாதிக்கு மேல குறைஞ்சுதுன்னு அவனே கணக்கும் சொன்னான். தனிக் காவல்காரன் செஞ்சுக்கிட்டு இருந்த வேலையை வீட்டுக்காரனே, காசு வாங்காம, ஒரே ராத்திரியில முடிச்சிட்டான். இன்னிக்கு உனக்கு விக்க வர்றவன்ல பாதிப் பேர், அந்தப் பழைய வேலையைத்தான் புதுப் பெட்டியில போட்டுத் தூக்கிட்டு வர்றான்.

அப்போ பென்டிரைவ்ல வைரஸே இல்லையான்னு முழிக்காதே. இருக்கு, நிறைய இருக்கு. வழிதான் மாறிப் போச்சு.

இப்ப வர்றதுல பெரும்பாலானது உன் விரலை நம்பி வர்றது. உன் போல்டரையெல்லாம் மறைச்சு வச்சிட்டு, அதே பேர்ல ஷார்ட்கட் ஒண்ணை முன்னால நிறுத்தும். 'கல்யாண வீடியோ'ன்னு இருந்தா நீ தட்டாம விடுவியா? தட்டினதும் வீடியோவும் ஓடும், வைரஸும் ஓடும். 2021ல கண்ணுல பட்ட ராஸ்பெர்ரி ராபின் புழு இந்த ஷார்ட்கட் வித்தையில வந்ததுதான். பிளக்எக்ஸ்னு இன்னொண்ணு, பென்டிரைவ் வழியாத் தானே பரவுற ஒரு வகையை எவனோ ஊருக்குள்ள விட்டுட்டு, அதை மேய்க்கிறதையும் விட்டுட்டுப் போயிட்டான். அது பேசிக்கிட்டு இருந்த இன்டர்நெட் முகவரியை 2023ல பிரான்சுக்காரங்க, செக்கோயான்னு ஒரு கம்பெனி, ஏழே டாலருக்கு வாங்கி வச்சுப் பாத்தாங்க. ஆறு மாசத்துல இருபத்தஞ்சு லட்சம் தனித்தனி முகவரியில இருந்து அது வந்து கதவைத் தட்டுச்சு. எசமான் செத்தாலும் ஏவல் அடங்கல.

இதையெல்லாம் பிடிக்க உன் தனிக் காவல் எதுக்கு? பென்டிரைவ்ல இருக்கிற கோப்பும் கோப்புதான். அதைத் திறக்கிற நிமிஷத்துல உன் வழக்கமான ஆண்டிவைரஸ் அதைத் தடவிப் பாக்கத்தான் செய்யும். விண்டோஸ் 10லயும் 11லயும் டிஃபெண்டர் கூடவே வருது, தனியாக் காசு கிடையாது. ஒரு கிராணிச் சமாச்சாரம் மட்டும் சொல்றேன், குறிச்சுக்கோ. டிஃபெண்டர்ல 'முழு ஸ்கேன்' போட்டா பென்டிரைவையும் சேர்த்துப் பாத்துடும்னு நினைக்காதே. நீயா அமைப்பை மாத்தாத வரைக்கும் அது பென்டிரைவை விட்டுட்டுத்தான் பாக்கும். சொருகினதும் டிரைவ் மேல வலது கிளிக் பண்ணி, ஸ்கேன்னு சொல்லு. காசு செலவில்லாத வேலை. சோம்பேறிக்குத்தான் கஷ்டம்.

ரெண்டு வச்சா ரெட்டைப் பலம்தானேன்னு கேக்குறே. ரெண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்துல பிடிச்சு இழுத்தா கம்ப்யூட்டர் நத்தையா நகரும். ஒருத்தன் பிடிச்சுப் பூட்டி வச்ச வைரஸை இன்னொருத்தன் கண்டுபிடிச்சு, 'ஆபத்து'ன்னு கூவுவான். நீ பதறி ரெண்டையும் நிறுத்துவே. மூணாவதா ஒருத்தன் உள்ள வருவான்.

ஆண்டிவைரஸ் எல்லாத்தையும் பிடிக்கும்னும் நான் சொல்ல வரல. ஸ்டக்ஸ்நெட் தெரியும்ல? ஈரான்ல நத்தான்ஸ் அணு ஆலையில யுரேனியம் சுத்துற எந்திரங்களைப் பதம் பாத்த புழு. இன்டர்நெட்டே இல்லாத ஆலைக்குள்ள அது பென்டிரைவ்லதான் போச்சுன்னு சொல்றாங்க. 2010 ஜூன்ல பெலாரஸ் நாட்டுச் சின்னக் கம்பெனி ஒண்ணு அதைக் கண்டுபிடிச்சப்போ தெரிஞ்சது, தட்டக்கூட வேண்டியதில்ல. பென்டிரைவ்ல இருக்கிற ஷார்ட்கட் படத்தை விண்டோஸ் திரையில காட்டினாலே போதும், வைரஸ் ஓடிடும். பாண்டா போட்ட ஊசி அங்க என்ன பண்ணும்? ஆட்டோரன் கோப்பை அணைச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கும். மைக்ரோசாப்ட் 2010 ஆகஸ்டுல அந்த ஓட்டையை அடைச்சான். அடைச்சது சரியா அடைபடலன்னு 2015ல திரும்பவும் அடைச்சான். அதனால, அப்டேட் வருதுன்னு கம்ப்யூட்டர் கேட்டா 'அப்புறம்' 'அப்புறம்'னு தள்ளுறியே, அந்த விரலை முதல்ல கட்டிப் போடு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஓட கையைக் கழுவிட்டான். கமிட்டி கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு பாத்தியா? நீ அதுல புதுப் பூட்டு மாட்டப் பாக்குறே, கதவே உளுத்துக் கிடக்கு.

இப்ப அந்த மூளைக்கு வருவோம். 2014 ஆகஸ்டுல அமெரிக்காவுல பிளாக் ஹாட் மாநாட்டுல கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல்னு ரெண்டு ஜெர்மன்காரங்க மேடை ஏறினாங்க. பென்டிரைவ்ல கோப்பு இருக்கிற இடத்தை அவங்க தொடவே இல்ல. அதோட சில்லுல இருக்கிற உத்தரவையே மாத்தி எழுதினாங்க. சொருகினதும் அது கம்ப்யூட்டரைப் பாத்து, 'நான் பென்டிரைவ் இல்ல, கீபோர்டு'ன்னு சொல்லும். கம்ப்யூட்டரும் மரியாதையா நம்பும். அப்புறம் நீ தட்டுற மாதிரியே அது தானா உத்தரவு தட்டும், உன்னைவிட வேகமா. பேட்யூஎஸ்பின்னு பேர் வச்சாங்க. ரெண்டு மாசத்துல அமெரிக்காக்காரங்க ரெண்டு பேர் அந்த வித்தையை யார் வேணும்னாலும் பாக்கிற மாதிரி வெளியிட்டாங்க. எந்தச் சில்லுல தெரியுமா? பைசன் 2251-03. நம்ம செகிஞ்சான் பிள்ளை கம்பெனிச் சில்லு! பிரபலமா இருந்தா கல்லடி படத்தானே செய்யும்.

இதை எந்த ஆண்டிவைரஸும் ஸ்கேன் பண்ண முடியாது. சில்லுக்குள்ள எட்டிப் பாக்க அதுக்கு வழியே இல்ல. உன் தனிக் காவல்ல பெரும்பாலானதுக்கும் அதே கதிதான். நியாயமாச் சொல்லணும்னா, ஒரு வகை மட்டும் இங்க உதவும். ஜி டேட்டான்னு ஜெர்மன் கம்பெனி அந்த வருஷமே இலவசமா ஒண்ணு விட்டாங்க. புதுசா ஒரு கீபோர்டு வந்து நின்னா, 'இது உன்னோடதா?'ன்னு உன்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள விடும். வைரஸைத் தேடுறதில்ல, ஆளை விசாரிக்கிறது. அது வேற சரக்கு, ஒத்துக்கிறேன். ஆனா உன்கிட்ட விக்க வந்தவன் இதையா விக்கிறான்? பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?

சும்மா வர்ற பென்டிரைவ் இன்னொரு தொல்லை. கரடி பொம்மை கதை தெரியுமா உனக்கு? 2020ல அமெரிக்காவுல கம்பெனிங்களுக்குத் தபால்ல ஒரு பொட்டலம் வந்துச்சு. உள்ள ஒரு கரடி பொம்மை, பரிசு அட்டைன்னு ஒரு கடுதாசி, கூடவே ஒரு பென்டிரைவ். பரிசுல என்னென்ன வாங்கலாம்ங்கிற பட்டியல் அதுல இருக்காம். அனுப்பினது ஃபின்7னு ஒரு திருட்டுக் கூட்டம், எஃப்பிஐ ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டியதாப் போச்சு. சிங்கப்பூர்ல 2018 ஜூன்ல டிரம்பும் கிம்மும் சந்திச்சப்போ, நிருபருங்களுக்குக் குடுத்த பையில யூஎஸ்பியில ஓடுற குட்டி விசிறி இருந்துச்சு. உலகமே அலறுச்சு, சொருகாதே சொருகாதேன்னு. கேம்பிரிட்ஜ்ல ஒருத்தர் ஒரு விசிறியைப் பிரிச்சே பாத்தாரு. கரண்டு இழுக்கிறதைத் தவிர அதுல வேற ஒண்ணும் இல்ல. வெக்கைக்குக் குடுத்த விசிறி, பாவம்.

புதுசா, பிரிக்காத பாக்கெட்ல வந்தா பயமில்லன்னு உங்கப்பன் சொல்லுவான். 2017 டிசம்பர்ல தைவான் போலீஸ் இணையப் பாதுகாப்புப் பத்தி ஒரு புதிர்ப் போட்டி வச்சுது. ஜெயிச்சவங்களுக்குப் பரிசு பென்டிரைவ், மொத்தம் 250. அதுல 54ல வைரஸ்! சப்ளை பண்ணின ஆளு, கொள்ளளவு சரியா இருக்கான்னு தன் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்திருக்கான். அங்க ஒட்டிக்கிச்சு. பாதுகாப்புக் கேள்விக்குச் சரியாப் பதில் சொன்னவனுக்குத்தான் வைரஸ் கிடைச்சுது. தப்பாச் சொன்னவன் தப்பிச்சான். ஐபிஎம் மட்டும் லேசா? 2010ல ஆஸ்திரேலியாவுல பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்தவங்களுக்கே வைரஸ் உள்ள பென்டிரைவைக் குடுத்துட்டு, அப்புறம் மன்னிப்புக் கடுதாசி அனுப்பினாங்க.

உள்ள வந்தப்புறம் பிடிக்கிறதைவிட வாசல்லயே நிறுத்துறதுதான் வழி. நம்ம ரப்பர் மரத்தையே பாரு. 1876ல விக்காம் துரை பிரேசில்ல தபாஜோஸ் ஆத்தங்கரையில பொறுக்கி அனுப்பின கொட்டைதான் லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, மறுவருஷம் இருபத்திரண்டு கன்னா சிங்கப்பூர் வந்து, நம்ம பாட்டன் பூட்டனையெல்லாம் கப்பல் ஏத்துச்சு. கொட்டை வந்துச்சு, அங்க இருந்த இலைக்கருகல் நோய் கூட வரல. அதே தபாஜோஸ் கரையில ஃபோர்டு காடிக்காரன் 1928ல பெருந்தோட்டம் போட்டான். நோய் தின்னு தீர்த்துச்சு, 1945ல வித்துட்டு ஓடிப்போனான். நம்ம மரம் என்ன சூரனா? இல்ல. அதுக்கு அந்த நோயைத் தாங்குற சக்தி கிடையாது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவுறாங்க, வேர் நோய்க்கு மருந்து ஊத்துறாங்க. இந்த நோய்க்கு மட்டும் வேற வழி: அந்தப் பக்கத்துச் செடி, மண்ணு எதுவும் சும்மா உள்ள வரக்கூடாது. 1956ல ஆசியா பசிபிக் நாடுங்க சேர்ந்து செஞ்ச பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்துல இந்த நோய்க்குன்னே தனியா விதி எழுதினாங்க. வாசல்ல நிறுத்தினதாலதான் நூறு வருஷத்துக்கு மேல பால் வெட்டினோம்.

அமெரிக்க ராணுவமும் கடைசியில இந்த வழிக்குத்தான் வந்துச்சு. 2008ல மத்திய கிழக்குல ஒரு முகாம்ல எவனோ சொருகின பென்டிரைவால ரகசிய வலையமைப்புக்குள்ளயே புழு நுழைஞ்சுது. அந்த நவம்பர்ல பென்டிரைவே கூடாதுன்னு தடை போட்டாங்க. காசுக்குப் பஞ்சமில்லாத ஆளுங்க. தனிக் காவல் மென்பொருள் வாங்க முடியாமலா தடை போட்டாங்க?

உனக்கு ராணுவம் வேண்டாம், கொஞ்சம் புத்தி போதும். போட்டோஸ்டேட் கடைக்குப் போறதுன்னா நோட்டீஸை வாட்ஸாப்ல அனுப்பு. இல்லன்னா அதுக்குன்னு சின்னதா ஒரு பென்டிரைவ் வச்சுக்கோ, அடிக்க வேண்டிய கோப்பைத் தவிர அதுல ஒண்ணும் இருக்கக்கூடாது, வீட்டுக்கு வந்ததும் ஃபார்மட் பண்ணிடு. காடிப் பாட்டுக்கு ஒண்ணு, அது காடியிலயே கிடக்கட்டும். கோப்புப் பேரோட வால் முழுசாத் தெரியிற மாதிரி விண்டோஸ்ல மாத்தி வை. 'கல்யாண வீடியோ'வுக்கு வால் இஎக்ஸ்இன்னு இருந்தா கல்யாணம் உனக்கில்ல. கீழ கிடந்து எடுத்ததைச் சொருகாதே. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல 297 பென்டிரைவை வேணும்னே அங்கங்க போட்டுப் பாத்தாங்க. நூத்துக்கு தொண்ணூத்தெட்டு காணாமப் போச்சு. பாதிக்குக் கொஞ்சம் கம்மியா, எடுத்தவங்க உள்ள இருந்த கோப்பையே திறந்துட்டாங்க. முதல் ஆளு ஆறு நிமிஷம்கூடப் பொறுக்கல. எல்லாம் படிச்ச பிள்ளைங்க.

தனிக் காவல் யாருக்குத்தான் வேணும்? இன்டர்நெட் இல்லாத, அப்டேட் ஏறாத, மாத்தவும் முடியாத எந்திரம் வச்சிருக்கிறவனுக்கு. செம்பனை ஆலையில லாரி எடை போடுற இடத்துல ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கும் பாரு, அதைத் தொட்டா எடையே நின்னுடும்னு எல்லாரும் பயப்படுவாங்க. அங்க பதிஞ்ச பென்டிரைவைத் தவிர வேற எதையும் ஏத்துக்காத மாதிரி பூட்டி, வெளியில இருந்து வர்றதை முதல்ல வேற கம்ப்யூட்டர்ல பாத்துட்டு அனுப்பணும். அதுக்குக் காசு குடுக்கலாம், நியாயம். உன்கிட்ட இருக்கிறது லேப்டாப்பு. அதுல நீ பாக்குறது சினிமா.

மிச்சமாகிற காசுல கோயில் கணக்கை நகலெடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வை. நகல் எடுத்ததும் கழட்டிப் பெட்டியில வச்சுப் பூட்டு, மாட்டியே விடாதே. கணக்கு போனா கமிட்டியில உன்னைத்தான் கேப்பாங்க, வைரஸைக் கேக்க மாட்டாங்க.

என்ன, இன்னும் மூஞ்சி தொங்குது? காசு குடுத்து வாங்கப் போறதில்லையா? ஓ, கூட்டாளி ஒருத்தன் கிரேக் பண்ணினது சும்மாவே குடுத்துட்டானா? நல்ல பிள்ளை. அது சரி பேராண்டி, பென்டிரைவுக்குக் காவல் இருக்கிற அந்தச் சாமானை எதுல போட்டுக் குடுத்தான்? இப்ப உன் சட்டைப் பையில இருந்து எட்டிப் பாக்குதே, அதுலயா?